பைனாகுலர் அண்ணனும் பெல்ட் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

மிருகங்களைக் கண்டு பயப்படுகிறவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். மிருகங்கள் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ளுமோ என்று கூச்சப்பட்ட மனிதர், எனக்குத் தெரிந்து, ஒரே ஒருவர்தான். ஆம்பூரில் நான் வேலை பார்த்த தோல் கம்பெனியில் இருந்த பைனாகுலர் அண்ணன்.

அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எப்போதாவது ஆபீசிலிருந்து யாரேனும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பக்கத்தில் இருப்பவர் விலாவில் இடித்து, "அண்ணே, உங்களைத்தான்" என்று சொல்ல வேண்டும். வாசல் செக்யூரிட்டி முதல் முதலாளி வரை அவரை பைனாகுலர் என்றே அழைத்தார்கள்.

காரணம் அவர் கழுத்தில் தொங்கிய அந்தச் சாமான். வாணியம்பாடியில் பழைய பொருள் விற்கிறவரிடம் வாங்கியது. ஒரு பக்கம் பளிச்சென்று தெரியும். இன்னொரு பக்கம் எப்போதோ உயிரை விட்டுவிட்டது. கண்ணை வைத்தால் அமாவாசை. "மாத்திடலாமே அண்ணே" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"எதுக்கு சார்? நான் எப்படியும் ஒரு கண்ணை இடுக்கிக்கினு தான் பாக்கறேன். இன்னொரு பக்கம் இருந்தா அது சும்மா தானே குந்திக்கினு இருக்கும்?"

கம்பெனியில் அவருக்கு வேலை, பதனிட்ட தோலைத் தரம் பிரிப்பது. கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் விழும் ஒரு நீள மேசை. தோலை அதன்மேல் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். பிறகு ஆரம்பிப்பார். "இது முள்வேலி தாண்டி மேயப் போயிருக்குது சார். இங்க பாருங்க கீறல். இது ரொம்ப சாது. இது ஜாஸ்தி உண்ணிக்கடி பட்டிருக்குது, பாவம்." செத்துப்போன மாடுகளுக்கெல்லாம் ஜாதகம் சொல்வது மாதிரி இருக்கும். நாங்கள் யாரும் நம்பியதில்லை. கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடுவோம்.

அந்த மேசையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பார்த்து சாக்பீசால் குறி போட்டால் போதாது. இன்னொருவரும் அதே தோலைப் பார்த்து, பக்கத்திலேயே தன் குறியைப் போட வேண்டும். இரண்டு குறி இருந்தால்தான் தோல் அடுத்த மேசைக்கு நகரும். ஒற்றைக் குறியோடு கிடக்கிற தோல் எவ்வளவு நல்ல தோலாக இருந்தாலும் ஓரமாகத்தான் கிடக்கும்.

இரண்டாவது குறி போடுகிறவர் அப்சல். ஒருநாள் உறவினர் கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில், அடுக்கில் மிச்சமிருந்த தோல்களுக்கு விரித்துப் பார்க்காமலே வரிசையாகக் குறி போட்டுவிட்டு நழுவப் பார்த்தார்.  பைனாகுலர் அண்ணன் ஈரத்துணியை எடுத்து அத்தனை குறியையும் அழித்தார். தன்னுடையதையும் சேர்த்தே அழித்தார். இருவரும் முதலிலிருந்து பார்த்தார்கள். அப்சல் கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரியாணி தேக்சாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்களாம். "பேஜார் புடிச்ச மனுசன்பா. தோஸ்துன்னு கூட பாக்க மாட்டாரு" என்று அப்சல் ஒரு வருஷம் புலம்பினார்.

இப்படிப்பட்ட மனிதரை ஊரே புளுகர் என்று முடிவு கட்டியிருந்தது என்றால் நம்புவீர்களா?

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் மலைக்குப் போவார். ஆலங்காயம் பக்கம் மலைமேல் வனத்துறை வைத்திருக்கும் பூங்கா அது. தனியாகப் போவார், தனியாகத் திரும்புவார். திங்கட்கிழமை மதியம் கேன்டீனில் அவரைச் சுற்றி ஒரு கூட்டம் கூடும். ஷூ தைக்கும் லைனில் சூப்பர்வைசரான மேரி அக்காதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. "இந்த வாரம் இன்னா வந்துச்சு?" என்று அவர் ஆரம்பித்து வைக்க, இவர் சொல்லச் சொல்ல, ஆளுக்கு ஒரு கை போட்டு இழுத்து, சாப்பாடு முடிவதற்குள் காட்டில் இல்லாத மிருகமெல்லாம் வந்து நிற்கும். ஆப்பிரிக்காவிலிருந்து ஒட்டகச்சிவிங்கி வராததுதான் பாக்கி.

ஒரு திங்கட்கிழமை அவர் சொன்னார்: "கரடி ஒண்ணு போச்சும்மா. முதுகு மேல ரெண்டு குட்டிங்க குந்திக்கினு போச்சு."

மேரி அக்கா சாம்பார் கரண்டியை அப்படியே நிறுத்தினார். "கரடி இன்னா ஷேர் ஆட்டோவா? ரெண்டு பேரை ஏத்திக்கினு போயி ஜோலார்பேட்டை ஸ்டேஷன்ல இறக்கி வுட்டுச்சா?"

கேன்டீன் இடிந்து விழுந்தது. அவரும் சிரித்தார். ஆனால் தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே எழுந்து கை கழுவப் போய்விட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் உள்ளே நுழையும்போதே யாராவது ஒருவர் கத்துவார்: "அண்ணே, ஷேர் ஆட்டோ வந்துச்சா?" புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குக்கூட முதல் நாளே இந்தக் கதையைச் சொல்லிவிடுவார்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் அங்கே ஏற்றுமதிப் பிரிவில் இருந்தேன். மனைவிக்குத் திருச்சியில் ஆசிரியை வேலை. மகளுக்கு அங்கேயே பள்ளிக்கூடம். எனக்கு ஆம்பூரில் ஒரு மாடி அறை, ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு மெஸ். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் மதியத்தோடு அடுப்பை அணைத்துவிடுவார்கள். பிரியாணி சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால், சாயங்கால வெயில் சுவரில் விழுந்திருக்கும். கீழ் வீட்டில் எல்லோருமாக எங்கேயோ கிளம்புகிற சத்தம் கேட்கும். அந்த நேரத்துத் தனிமை இருக்கிறதே, அதை எதிரிக்குக்கூட நான் கொடுக்க மாட்டேன்.

ஒரு சனிக்கிழமை கை கழுவுகிற குழாயடியில் பைனாகுலர் அண்ணன் கேட்டார்: "சார், நாளைக்கு இன்னா பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல அண்ணே."

"அதை என்கூட வந்து பண்ணுங்களேன்."

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். கம்பெனியில் தையல் பிசகியதையும் நிறம் மாறியதையும் எங்களுக்குச் சல்லிசாகக் கொடுப்பார்கள். ஆகையால் ஆம்பூரில் வேலை பார்க்கிறவன் விசேஷமாக எங்கேயாவது கிளம்புகிறான் என்றால், உச்சி முதல் பாதம் வரை தோலாகத்தான் கிளம்புவான். அன்று நான் ஜெர்மனிக்குப் போகாமல் நின்றுபோன ஷூ, அகல பெல்ட், பர்ஸ், தோள் பை, கடிகார வார் என்று மாப்பிள்ளை மாதிரி இருந்தேன்.

அவர் பச்சை சட்டை, ரப்பர் செருப்பு, துணிப்பையோடு வந்தார். மேசையில் தோலைப் பார்க்கிற மாதிரியே ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"இன்னா சார் இது? முழு மாட்டையும் போத்திக்கினு வந்துக்கீறீங்க?"

"நம்ம கம்பெனி சரக்குதான் அண்ணே."

"அதான் சார் வில்லங்கம். நாம யாருன்னு வாசனையிலயே அதுங்களுக்குத் தெரிஞ்சிடும். அதுங்களோட சொந்தக்காரங்களை இடுப்புல கட்டிக்கினு போயி, 'வா ராஜா, வந்து மூஞ்சியைக் காட்டு'ன்னா வருமா? இன்னா நெனைக்கும் நம்மளப் பத்தி?"

இந்தக் கூச்சத்தால் அவர் ஞாயிறு காலையில் சீயக்காய் போட்டு ஒருமுறை, எலுமிச்சம்பழம் தேய்த்து ஒருமுறை குளிப்பாராம். அப்படியும் கைவிரலில் இருக்கிற தோல் வாசனை போகாதாம். மலைமேல் இருக்கும்போது கையை பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வாராம்.

பூங்கா வாசலில் டிக்கெட் கொடுப்பவர் அவரைப் பார்த்ததும் வழக்கம்போல ஒரு டிக்கெட்டைக் கிழித்தார். "ரெண்டு குடுப்பா" என்றார் அண்ணன். அந்த மனிதர் கூண்டைவிட்டு வெளியே வந்து என்னைச் சுற்றிப் பார்த்தார். "நெசமாவே இவர்கூடதான் வந்தீங்களா? இல்ல, வழியில பாத்தீங்களா?"

"கூடத்தான் வந்தேன்."

"அடடே" என்றார் அவர். காட்டில் புதிய மிருகத்தைக் கண்டதுபோலத்தான் இருந்தது அவர் பார்வை.

அங்கேயே என்னுடைய ஷூ, பெல்ட், பை, பர்ஸ், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி, டிக்கெட் கொடுப்பவரிடம் ஒப்படைத்தார் அண்ணன். வெறுங்காலோடு நின்றேன். துணிப்பையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்துக் கீழே வைத்தார். புத்தம் புதுசு. கடைக்காரன் ஒட்டிய சீட்டுகூடக் கிழியவில்லை. ஆனால் வார் நாள்பட்டு வெளுத்து, பைத்தூசி படிந்திருந்தது.

"எனக்காகவா வாங்கினீங்க?"

"இல்ல சார். யாராச்சும் கூட வந்தா குடுக்கலாம்னு எப்பவும் பையில வெச்சிருக்கறது. பொதுவா ஒரு சைசு."

அந்தச் செருப்பு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் பையிலேயே மலையேறி இறங்கியதோ தெரியாது. எனக்கு அது ஒரு விரல் சிறியது. அப்படியே போட்டுக்கொண்டேன்.

இவ்வளவு முன்யோசனை உள்ளவர் பெல்ட்டுக்கு மாற்று யோசிக்கவில்லை. மெஸ் சாப்பாட்டில் நான் இளைத்திருந்தேன். பேன்ட் அப்படி இல்லை. "கையால புடிச்சிக்கினு வாங்க சார். காட்ல யாரு பாக்கப் போறாங்க?" என்றார்.

முதலில் தென்பட்ட மிருகம் கங்காரு. வாயைத் திறந்துகொண்டு குப்பை கேட்டது. அதற்கடுத்து ஒரு பென்குயின், அதுவும் குப்பைத் தொட்டிதான். சிமென்ட் சிறுத்தை ஒன்றின்மேல் ஒரு குடும்பமே ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. "இதெல்லாம் கணக்குல வராது சார்" என்று கையால் ஒதுக்கிவிட்டு நடந்தார் அண்ணன். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

மரங்கள் அடர்ந்த பாதைக்குள் நுழைந்ததும் நின்று விதிகளைச் சொன்னார். "காட்டுல முதல் விசயம், பேசக்கூடாது சார். மூச்சு வுடறது கூட கம்மியா வுடணும்." ஏன் பேசக்கூடாது என்பதை விளக்க ஆரம்பித்தார். மயிலுக்குக் காது எப்படி, முயலுக்குக் காது எப்படி, போன வருஷம் ஒருவன் தும்மியதால் என்ன ஆனது, அந்தத் தும்மலுக்கு முன்னால் அவன் சாப்பிட்டது என்ன. விளக்கிக்கொண்டே நடந்தார். விளக்கம் முடியவே இல்லை. எதிரே ஒரு மயில் எங்களைப் பார்த்து நின்றது. "பாத்தீங்களா, பேசாம இருந்தா எப்படி நிக்குது" என்று அவர் உரக்கச் சொன்னதும் பறந்துவிட்டது. ஒரு கீரி பாதி பாதை வரை வந்து, இவர் குரலைக் கேட்டு யோசித்து, வந்த வழியே திரும்பிப் போயிற்று.

"அண்ணே, பேசக்கூடாதுன்னீங்களே?"

"ஆமா சார். பேசவே கூடாது. அதைத்தான் சொல்லிக்கினு வர்றேன்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பாதையில் அவர் வாயைத் திறந்ததே இல்லை. திறப்பதற்கு ஆள் இருந்ததில்லை. இத்தனை வருஷத்து ஞாயிறுகளும் ஒன்றாக அணை உடைத்துக்கொண்டு வந்தால் மனிதர் என்ன செய்வார்? பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

மதியம் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தோம். வாசனை ஆகாது என்று அவர் தாளிக்காத தயிர்சோறு கொண்டுவந்திருந்தார். நான் சட்டைக்குள் ஒரு பிரியாணி பொட்டலத்தை ஒளித்து வைத்திருந்தேன். எடுத்து ஒரு வாய் வைப்பதற்குள் மேலேயிருந்து ஒரு கை வந்தது. குரங்கு நிதானமாகக் கிளையில் உட்கார்ந்து, இலையைப் பிரித்து, கறியைத் தள்ளி வைத்து, சோற்றைச் சாப்பிட்டது. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த கத்திரிக்காயை மோந்து பார்த்துவிட்டு என் தலையில் போட்டது.

"ஆம்பூர் குரங்குதான் சார். சந்தேகமே வேணாம்" என்றார் அண்ணன். தன் தயிர்சோற்றில் பாதியை எனக்கு ஒதுக்கினார்.

மதியத்துக்கு மேல் மலையின் விளிம்பில் இருந்த பார்வை மேடைக்குப் போனோம். கீழே ஊர்கள் துண்டு துண்டாகக் கிடந்தன. தென்னந்தோப்புகள், ஷெட்டுகளின் தகரக் கூரைகள், தண்ணீர் இல்லாமல் வெள்ளை மணலாகக் கிடந்த பாலாறு. சத்தமே இல்லாமல் ஒரு ரயில் ஊர்ந்தது. பக்கவாட்டில் ஒரு பள்ளம், அதற்கு அப்பால் பாறைச் சரிவு. "அந்தச் சரிவுலதான் சார் அது போச்சு" என்றார். கரடி என்று அவர் பெயர் சொல்லவில்லை. அது என்றுதான் சொன்னார்.

அதே மூச்சில் அவராகவே தொடர்ந்தார். இம்முறை மெதுவாக.

"என் ஊட்டுக்காரம்மாவும் நானும் ஒருதடவ இங்க வந்தோம் சார். அவளுக்கு எதைப் பாத்தாலும் என்னைக் கூப்பிட்டுக் காட்டணும். ஓணான் போனா கூட, 'ஏங்க, ஓணான்'னுவா. எனக்குக் கோவம் வரும். ஓணான் தானே, அதுக்கு இன்னான்னுவேன். அவ போனதுக்கு அப்பால பையன் சவுதியில செட்டில் ஆயிட்டான். ஊட்ல டிவி இருக்குது. அது பேசும், நான் கேப்பேன். நான் பேசினா அது கேக்காது." பைனாகுலரின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டார். கம்பெனித் தோல் வாரை எப்போதோ கழற்றி எறிந்துவிட்டுத் தைத்த நாடா அது. "கரடி போனப்ப, 'ஏ, இங்க பாரு'ன்னு வாய் வுட்டுச் சொல்லிட்டேன் சார். திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. இப்ப நான் எதைப் பாத்தாலும் ஒத்தக் குறிதான். ஓரமாத்தான் கெடக்கும்."

அவ்வளவுதான். அதன் பிறகு அவர் பேசவில்லை. காலையிலிருந்து முதன்முறையாக அவர் வாய் மூடிய நேரம் அது.  இரண்டு பேரும் அந்தப் பாறைச் சரிவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். வெயில் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. பக்கத்து மரத்தில் எறும்பு ஊர்வதுகூடக் கேட்கும் போலிருந்தது.

"சார்" என்றார் அண்ணன்.

அது அவர் குரல் மாதிரியே இல்லை. பைனாகுலர் அவர் கண்ணில் இருந்தது. "வந்துடுச்சு சார். ரெண்டு குட்டி. முதுகுலதான். இந்தாங்க, பாருங்க, சீக்கிரம்."

கழுத்திலிருந்து கழற்ற நேரமில்லாமல் நாடாவோடு இழுத்து நீட்டினார். நானும் எழுந்து ஆசையாக வாங்கினேன். இரண்டு கையாலும் வாங்கினேன்.

விளைவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பேன்ட் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதே நொடியில் பின்னால் படியேறி ஒரு மகளிர் குழு மேடைக்கு வந்து சேர்ந்தது. "ஐயய்ய! இன்னாடி இது கண்றாவி!" என்று ஒரு கூச்சல். நான் சட்டென்று குனிந்தேன். கையில் பைனாகுலர் இருந்தது, பைனாகுலரில் நாடா இருந்தது, நாடாவில் அண்ணனின் கழுத்து இருந்தது. அவர் தலை என் தலையில் வந்து மோதியது. ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன்.

"ஒண்ணும் தெரியலியே அண்ணே. இருட்டா இருக்கு!"

"அது செத்த பக்கம் சார்! இந்தாண்ட, இந்தாண்ட பாருங்க!"

நல்ல பக்கத்தைக் கண்டுபிடித்து வைத்தபோது பாறை தெரிந்தது. பாறையின் ஓரத்தில் ஒரு புதர் ஆடிக்கொண்டிருந்தது. சத்தியமாக ஆடியது. ஆனால் புதர் காற்றுக்கும் ஆடும்.

"பாத்தீங்களா சார்?" என்று கேட்டார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளையின் முகம்.

"புதர் ஆடறதைப் பாத்தேன் அண்ணே."

"பரவால்ல சார்" என்றார். என் சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார். இறங்கும்போது டிக்கெட் கொடுப்பவர், "இன்னா தெரிஞ்சுது?" என்று கேட்டதற்கும், "சாருக்கு மயில் தெரிஞ்சுது" என்று மட்டும் சொன்னார். வாணியம்பாடி வரும்வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஆம்பூரில் பிரியும்போது, "பேன்ட்டைக் கொஞ்சம் புடிச்சுத் தெச்சுப் போடுங்க சார்" என்றார். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் கேன்டீனில் கூட்டம் வழக்கத்தைவிட ஜாஸ்தி. நானும் போயிருந்தேன் என்ற செய்தி அதற்குள் பரவியிருந்தது. "இன்னா அண்ணே, ஷேர் ஆட்டோ வந்துச்சா?" என்று மேரி அக்கா ஆரம்பித்தார். பைனாகுலர் அண்ணன் நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பார்த்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாத முதல் திங்கட்கிழமை அதுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"வந்துச்சு மேரி அக்கா. முதுகு மேல ரெண்டு குட்டி. நான் என் கண்ணால பாத்தேன்."

கரண்டி, தட்டு, டம்ளர் எல்லாம் நின்றது. "சார், நெசமாவா?" என்றார் மேரி அக்கா. "சாரே சொல்றாருன்னா அப்பால இன்னாம்மா?" என்றார் அப்சல். அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாக மாறியது. அத்தனை நாளும் அந்த மனிதர் ஏங்கியது அங்கே தட்டில் வைத்துப் பரிமாறியாகிவிட்டது. அவர் செய்ய வேண்டியதெல்லாம் பேசாமல் இருப்பது மட்டும்தான்.

அவர் நிமிர்ந்தார்.

"இல்லம்மா. சார் பாக்கல."

"அண்ணே..." என்றேன் நான்.

"சாரோட பேன்ட் அவுந்து போச்சும்மா. அதைப் புடிக்கறதுக்குள்ள அது போய்ட்டுச்சு. அவரு புதரைத்தான் பாத்தாரு. என் மேல இருக்கற பிரியத்துல சொல்றாரு." பிறகு என் பக்கம் திரும்பி, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "பாக்காம குறி போடக் கூடாது சார்."

பேன்ட் என்ற வார்த்தைக்குச் சிரித்த சிரிப்பில் கேன்டீன் தகரம் பறந்திருக்க வேண்டும். எனக்குப் பூமி பிளந்தால் தேவலாம் என்றிருந்தது. ஆனால் இரண்டு பேர் சிரிக்கவில்லை. ஒருவர் அப்சல். அவர் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் மேரி அக்கா.

"அண்ணே, அப்போ போன மாசம் பாத்த சிறுத்தை?"

"சிறுத்தை பாத்தேன்னு நான் எப்பம்மா சொன்னேன்? கால் தடம்னு சொன்னேன். நீதான் அதுக்கு மேல ஒடம்பு வெச்சே."

"மலைப்பாம்பு?"

"பாம்புச் சட்டை. அப்சல்தான் அதுக்குள்ள பாம்பை வுட்டான்."

"காட்டெருமை?"

"பெருசா ஏதோ போச்சு, நாட்டு எருமையாவும் இருக்கலாம்னேன். காட்டுல வெச்சதே நீங்கதான்."

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு திங்கட்கிழமைகூட அவர் ஒரு சுழி கூட்டிச் சொன்னதில்லை. புளுகியதெல்லாம் நாங்கள்.

மேரி அக்கா கையில் இருந்த கரண்டியை வைத்தார். "ஏண்ணே, அந்தக் குட்டிங்க கீழ வுழாதா?"

கேலியில்லாமல், தெரிந்துகொள்வதற்காக அந்தக் கேன்டீனில் ஒருவர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.  தண்ணீர் குடித்தார்.

"வுழாதும்மா. அம்மாக்காரிக்கு முதுகுல நீளமா முடி இருக்கும். கொத்தாப் புடிச்சிக்கும். ஒண்ணு முன்னால பாத்துக்கினு வருது, இன்னொண்ணு பின்னால பாத்துக்கினு வருது..."

சைரன் ஊதும் வரை சொன்னார். யாரும் எழுந்து போகவில்லை. ஊதிய பிறகும் இரண்டு மூன்று பேர் நின்று கேட்டார்கள்.

அதற்காக மறு ஞாயிறே ஒரு வேன் நிறைய ஆட்கள் அவரோடு மலைக்குக் கிளம்பினார்கள் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்குத் தொழிற்சாலை ஞாயிற்றுக்கிழமை தெரியாது. துணி துவைக்க வேண்டும், சர்ச்சுக்குப் போக வேண்டும், பிள்ளைக்குப் பேன் பார்க்க வேண்டும். "அடுத்த வாரம் கண்டிப்பா வர்றேண்ணே" என்று எல்லோரும் சொன்னார்கள். நான் இருந்தவரை நான் போனேன். கயிறு போட்டுக் கட்டிய பேன்ட்டோடு போனேன். மயில் பார்த்தோம், முயல் பார்த்தோம். கரடி மட்டும் என் கண்ணில் படவே இல்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மனிதர் என்னோடு பேசிக்கொண்டு வந்தார், அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது திருச்சிக்கே வந்துவிட்டேன். குடும்பத்தோடு இருக்கிறேன். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு போன். ஞாயிறு இருட்டுகிற நேரத்தில் ஆம்பூரிலிருந்து தவறாமல் அழைப்பு வரும். "சார், இன்னிக்கு ஒண்ணும் தெரியல" என்பார். ஒன்றும் தெரியவில்லை என்று சொல்வதற்காக என்னைக் கூப்பிடுகிற ஒரே மனிதர் அவர். பேச்சு முடிய அரைமணி ஆகும்.

போன வாரம் நான் முந்திக்கொண்டேன். "அண்ணே, இன்னிக்கு எங்க வீட்டு மொட்டைமாடிக்கு ஒரு மரங்கொத்தி வந்துச்சு. தண்ணி டேங்க்கைக் கொத்திப் பாத்துட்டுப் போச்சு. ஓடிப்போய் எல்லாரையும் கூப்பிட்டேன், யாரும் வரல. சொன்னா சிரிக்கறாங்க."

"தனியாத்தான் பாத்தீங்களா?"

"தனியாத்தான்."

 அந்தப் பக்கம் டிவி ஓடுவது கேட்டது. அவர் எழுந்து போய் அதை அணைத்துவிட்டு வந்தார்.

"நீங்க சொன்னா போதும் சார். அது எப்படி இருந்துச்சு, மொதல்லேந்து சொல்லுங்க."